38-ம் 47-ம் சேர்ந்தால் 715 ஆகுமா?

கூட்டல் கணக்கில் குழந்தைகள் தடுக்கி விழும் இடம் எது? தூக்கிவிடும் வழி என்ன?

முப்பத்தெட்டையும் நாற்பத்தேழையும் கூட்டினால் எவ்வளவு?

பெரியவர்களைக் கேட்டால், "எண்பத்தைந்து" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் வகுப்புக் குழந்தையின் நோட்டைத் திறந்து பாருங்கள். சில நோட்டுகளில் 715 என்று எழுதியிருக்கும்!

அதைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. "இது கூடவா தெரியாது?" என்கிறார். தலையில் ஒரு குட்டு விழுகிறது. குழந்தை அழுகிறது. ஆனால், தான் எங்கே தவறினோம் என்பது அதற்குக் கடைசி வரை தெரிவதில்லை.

அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன?

எட்டும் ஏழும் பதினைந்து. அது சரி. மூன்றும் நாலும் ஏழு. அதுவும் சரி. பதினைந்தை வலது பக்கம் எழுதியது. ஏழை இடது பக்கம் எழுதியது. 715 என்று வந்துவிட்டது.

இரண்டு கூட்டலும் சரி. விடை மட்டும் தவறு!

ஆகவே, அந்தக் குழந்தைக்குக் கூட்டத் தெரிகிறது. எண்கள் உட்காரும் இடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதுதான் தெரியவில்லை. குட்டு வைத்தால் அது தெரிந்துவிடாது. காட்டினால்தான் தெரியும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே படி

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் இருக்கிறது புதுப்பட்டினம். அதை ஒட்டியே கல்பாக்கம். அங்கே அமைந்த சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

இந்த வட்டாரத்தில் கடலில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அணுசக்தித் துறையில் வேலை பார்க்கும் குடும்பங்களும் உண்டு. வலை வீசுகிறவர் பிள்ளையானாலும் சரி, என்ஜினீயர் பிள்ளையானாலும் சரி, கணக்கில் ஏற வேண்டிய படி ஒன்றுதான். ஒன்றுகள் பத்தைத் தாண்டும்போது என்ன செய்வது? அந்தப் படி அதுதான்.

இதில் தடுக்கினால் அடுத்து வருவதெல்லாம் தடுக்கும். கழித்தலில் பக்கத்து இடத்தில் கடன் வாங்க வேண்டும். பெருக்கலில் மேலே ஏற்ற வேண்டும். வகுத்தலிலும் தசமத்திலும் இதே வேலைதான். இரண்டாம் வகுப்பில் விழுந்த சின்ன ஓட்டை, ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளமாகி நிற்கிறது. "எனக்குக் கணக்கு வராது" என்று குழந்தை தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறது. அந்தத் தீர்ப்பை ஆயுள் முழுவதும் சுமக்கிறவர்கள் எத்தனை பேர்!

"மீதி ஒன்று" என்பது சரியா?

பள்ளிக்கூடத்தில் காலம் காலமாக ஒரு பாட்டு உண்டு. "எட்டும் ஏழும் பதினைந்து. ஐந்து போட்டு, மீதி ஒன்று. ஒன்றும் மூன்றும் நாலு, நாலும் நாலும் எட்டு."

விடை சரியாக வருகிறது. ஆனால், அந்த "மீதி ஒன்று" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பதினைந்தில் ஐந்தை எடுத்துவிட்டால் மீதி எவ்வளவு? பத்து! "ஒன்று" என்கிறோமே, அது எப்படி?

இங்கேதான் குழந்தை குழம்புகிறது. மேலே எழுதும் அந்த 1, வெறும் ஒன்று அல்ல. அது ஒரு பத்து. பத்து ஒன்றுகள் ஒன்றுசேர்ந்து, ஒரே கட்டாகி, பக்கத்து இடத்துக்குக் குடிபோகிறது.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இதற்கு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். "இனமாற்றம்" என்கிறார்கள். ஒன்று என்ற இனம், பத்து என்ற இனமாக மாறுகிறது. பொருள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்து ஒரு ரூபாய் நாணயங்களைக் கொடுத்து, ஒரு பத்து ரூபாய் நோட்டு வாங்குவது போலத்தான்!

தாத்தாவுக்குத் தெரிந்த இனமாற்றம்

இந்த வேலை நமக்குப் புதியது அல்ல.

செங்கல்பட்டுச் சீமை ஏரிப் பாசனத்துக்குப் பேர் போனது. களத்து மேட்டில் நெல் அளந்தவர்கள் மரக்காலும் கலமும் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு வயலில் 1 கலம் 7 மரக்கால் நெல். இன்னொரு வயலில் 2 கலம் 9 மரக்கால். மொத்தம் எவ்வளவு?

3 கலம் 16 மரக்கால் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். பன்னிரண்டு மரக்காலை ஒரு கலமாக்கி, "4 கலம் 4 மரக்கால்" என்பார்.

காசிலும் அப்படியே. 1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வரும் வரை, பதினாறு அணா ஒரு ரூபாய். 2 ரூபாய் 11 அணாவும் 1 ரூபாய் 9 அணாவும் சேர்ந்தால், 4 ரூபாய் 4 அணா. பள்ளிக்கூடம் போகாத பாட்டி கூட இதை மனதிலேயே போட்டாள்.

அவர்களுக்குப் பன்னிரண்டில் ஒரு மாற்றம், பதினாறில் ஒரு மாற்றம். இன்றைய குழந்தைக்கு எல்லாமே பத்தில்தான் மாற்றம். அந்தக் கால வேலையை விட இது எளிது!

தமிழ் சொல்லித் தரும் பாடம்

நம் மொழியே இந்தக் கணக்குக்கு ஒரு வாத்தியார்.

"முப்பத்தெட்டு" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மூன்று பத்து, எட்டு. "நாற்பத்தேழு" என்றால் நாலு பத்து, ஏழு. "பதினைந்து" என்றால் பத்தும் ஐந்தும். சொல்லுக்குள்ளேயே கட்டும் உதிரியும் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் பதினொன்றுக்கு "லெவன்" என்றும், பன்னிரண்டுக்கு "டுவெல்வ்" என்றும் பெயர். அந்தச் சொற்களில் பத்து இருப்பது குழந்தையின் காதுக்குக் கேட்காது. ஆகவே, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் குழந்தைக்கும் வீட்டில் எண்களைத் தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டுவது நல்லது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "தொண்ணூறு" என்ற சொல்லில் "நூறு" ஒலிக்கிறது. ஆனால், அது நூறு அல்ல, ஒன்பது பத்து. இதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பழைய தமிழ் எண்களோ இன்னும் தெளிவு. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்துகள் இருந்தன. 38 என்பதை ௩௰௮ என்று எழுதினார்கள். மூன்று, பத்து, எட்டு! பத்து கண்ணுக்கே தெரிந்தது.

இப்போது நாம் எழுதும் முறையில் அந்தப் பத்து மறைந்துவிட்டது. 38-ல் உள்ள 3, முப்பது என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கொண்டுதான். இதற்கு "இடமதிப்பு" என்று பெயர். இந்த முறை இந்தியாவில் வளர்ந்தது. பூஜ்யத்தை வைத்துக் கணக்குப் போடும் விதிகளை 628-ம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் எழுதி வைத்தார். இங்கிருந்து அரபு நாட்டுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போய், இன்று உலகமே இதைப் பயன்படுத்துகிறது.

பெரிய அறிஞர்கள் பல காலம் சிந்தித்துக் கண்ட உண்மை இது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரே நாளில் விளங்கவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

ஈர்க்குச்சிகளே போதும்!

இதை விளக்க விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் தென்னைக்குப் பஞ்சம் இல்லை. ஒரு தென்னை ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுங்கள். விரல் நீளத்துக்கு நூறு குச்சிகள் நறுக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நூலோ, ரப்பர் வளையமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் கட்டுகளின் வீடு. வலது பக்கம் உதிரிகளின் வீடு.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். உதிரி வீட்டில் ஒன்பது பேர் வரை இருக்கலாம். பத்தாவது ஆள் வந்துவிட்டால், பத்துப் பேரையும் கட்டி, கட்டு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்!

இப்போது 38 வையுங்கள். மூன்று கட்டு, எட்டு உதிரி. அதற்குக் கீழே 47 வையுங்கள். நாலு கட்டு, ஏழு உதிரி. பிறகு உதிரிகளை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். குழந்தையிடம் இப்படிப் பேசலாம்:

"உதிரியா எத்தனை இருக்கு கண்ணு?"

"பதினஞ்சும்மா."

"அத்தனை பேரும் அந்த வீட்டில இருக்கலாமா?"

"கூடாது. பத்தைக் கட்டிடணும்."

"கட்டு. இப்போ உதிரி எவ்வளவு?"

"அஞ்சு."

"கட்டினதை எங்கே வைக்கப் போறே?"

"கட்டு வீட்டுலே. மூணும் நாலும் ஏழு, இது ஒண்ணு, எட்டும்மா!"

"எட்டுக் கட்டு, அஞ்சு உதிரி. அப்படீன்னா?"

"எண்பத்தஞ்சு!"

விடையை அம்மா சொல்லவில்லை. குழந்தையின் கையே சொல்லிவிட்டது.

இதை நாலைந்து நாள் குச்சியில் மட்டும் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு, குச்சியில் ஒவ்வொன்றாகச் செய்யும்போதே பக்கத்தில் பேப்பரில் எழுத வேண்டும். கட்டு ஒன்று கோட்டைத் தாண்டும் அதே நேரத்தில், பேப்பரில் பத்தின் இடத்துக்கு மேலே சின்னதாக 1 எழுத வேண்டும். அப்போதுதான் அந்த 1 எங்கிருந்து வந்தது என்பது மனதில் பதியும். பிறகு குச்சியை எடுத்துவிடலாம். சந்தேகம் வரும்போது மட்டும் குச்சிக்குத் திரும்பலாம்.

நூறு வந்தால்?

எண் பெரிதானால் குச்சி கட்டி மாளாது. அப்போது ரூபாயை எடுங்கள். நூறு ரூபாய்த் தாள், பத்து ரூபாய்த் தாள், ஒரு ரூபாய் நாணயம். இந்த மூன்று மட்டும் போதும். ஐந்து, இருபது, ஐம்பது வேண்டாம். அவை வந்தால் பாடம் குழம்பும். பேப்பரை வெட்டிப் பொய் நோட்டு செய்துகொண்டாலும் போதும்.

276-ஐயும் 158-ஐயும் கூட்ட வேண்டும். ஆறும் எட்டும் பதினாலு ரூபாய். பத்து நாணயத்தைக் கொடுத்து ஒரு பத்து ரூபாய்த் தாள் வாங்கு. நாலு நாணயம் நிற்கும். பத்து ரூபாய்த் தாள்கள் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. இப்போது வாங்கியது ஒன்று. பதின்மூன்று. பத்துத் தாளைக் கொடுத்து ஒரு நூறு வாங்கு. மூன்று தாள் நிற்கும். நூறுகள் இரண்டும் ஒன்றும் மூன்று. வாங்கியது ஒன்று. நாலு. ஆகவே 434.

இதில் தேறியதும், பூஜ்யம் உள்ள கணக்கு ஒன்று கொடுங்கள். 405-ம் 298-ம். ஐந்தும் எட்டும் பதின்மூன்று. மூன்று நிற்க, ஒரு பத்து மேலே போகிறது. பூஜ்யமும் ஒன்பதும் ஒன்பது. வந்த பத்து ஒன்று. சரியாகப் பத்து! அத்தனையும் நூறாகிப் போய்விடுகின்றன. பத்தின் வீடு காலி. அங்கே 0 எழுத வேண்டும். விடை 703. அந்தப் பூஜ்யத்தை எழுதாமல் விட்டால் 73 ஆகிவிடும். அறுநூற்று முப்பது ரூபாய் நஷ்டம்!

மேலே போவது எப்போதும் ஒன்றுதான் என்று குழந்தை நினைத்துவிடக் கூடாது. 28, 39, 47 மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள். எட்டும் ஒன்பதும் ஏழும் இருபத்து நாலு. இரண்டு கட்டுகள் மேலே போகின்றன. விடை 114.

அடையாற்றில் தங்கமணிகள்

கையால் தொட்டுக் கணக்குப் படிக்கும் இந்த முறைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார். டாக்டர் படிப்புப் படித்தவர். அவர் 1939-ம் ஆண்டு நவம்பரில் சென்னை வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அப்போது இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1940-ல் இத்தாலி போரில் இறங்கியது. அம்மையாரின் மகன் மாரியோவை ஆங்கில அரசாங்கம் காவலில் வைத்தது. அந்த ஆண்டே அவரை விடுதலை செய்தது. ஆனால், அம்மையார் 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார்.

அவருடைய கணக்குச் சாமான்களில் தங்க நிற மணிகள் முக்கியமானவை. ஒரு மணி என்றால் ஒன்று. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் பத்து. பத்துக் கம்பிகளைச் சேர்த்தால் சதுரமாக நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கினால் பெட்டி போல ஆயிரம். பத்து மணி சேர்ந்ததும் குழந்தை எழுந்து போய், அதைக் கொடுத்துவிட்டு ஒரு கம்பி வாங்கிவரும்.

தங்கமணியும் ஈர்க்குச்சியும் சொல்லும் பாடம் ஒன்றே. கண்ணால் பார்த்து, கையால் மாற்றி, அதன் பிறகே எழுத வேண்டும்.

அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னை இன்னொரு பாடத்தை உலகுக்குத் தந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789-ல் எழும்பூரில் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் கையாண்டார். 1797-ல் இங்கிலாந்தில் இதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது.

வீட்டில் மூன்றாம் வகுப்பு அக்கா இருந்தால், இரண்டாம் வகுப்புத் தம்பிக்கு அவளே குச்சி கட்டிக் காட்டட்டும். தம்பிக்குக் கணக்கு வரும். அக்காவுக்கு அது இன்னும் உறுதியாகும்.

சந்தையில் புலி, நோட்டில் பூனை

சில பிள்ளைகள் கடையில் சில்லறை கணக்கை நொடியில் சொல்கிறார்கள். அதே கணக்கை நோட்டில் எழுதினால் தவறு செய்கிறார்கள். இது ஏன்?

பிரேசில் நாட்டில் ரெசிஃபி நகரத்தில், தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1985-ல் வெளிவந்தது. வியாபாரத்தின் போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்குச் சுமார் 98 சரியாக இருந்தன. அதே போன்ற கணக்குகளை வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது, நூற்றுக்குச் சுமார் 37 மட்டுமே சரி!

அங்கே தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம் பத்துக் காய்க்கு விலை கேட்டார்கள். ஒரு காய் 35. மூன்று காய் 105 என்று அவனுக்குப் பழக்கம். 105-ம் 105-ம் 210, இன்னொரு 105 சேர்த்து 315, கடைசிக் காய்க்கு 35. மொத்தம் 350. மனதிலேயே கூட்டிச் சொல்லிவிட்டான்.

நம் நாட்டிலும் அதே கதைதான். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்த பிள்ளைகளை, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகளுக்கு வியாபாரக் கணக்கு வந்தது, பாடப்புத்தகக் கணக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளோ பாடப்புத்தகக் கணக்கைப் போட்டார்கள், வியாபாரக் கணக்கில் திணறினார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை!

பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பது இதற்குப் பொருள் அல்ல. பிள்ளைகளின் இடம் பள்ளிக்கூடம்தான். ஆனால், மனக்கணக்கை நோட்டுக் கணக்கோடு இணைத்துக் காட்ட வேண்டும்.

மனக்கணக்குப் போடுகிறவர்கள் இடது பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். "முப்பதும் நாற்பதும் எழுபது. எட்டும் ஏழும் பதினைந்து. எழுபதும் பதினைந்தும் எண்பத்தைந்து" என்கிறார்கள். குழந்தை இப்படிச் சொன்னால், "தப்பு, வலது பக்கத்திலிருந்து போடு" என்று அதட்டாதீர்கள். அதுவும் சரியான வழிதான். இரண்டு வழியிலும் போட்டு, ஒரே விடை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தவறே வழி காட்டும்

குழந்தைகள் கண்டபடி தவறு செய்வதில்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1978-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பிள்ளைகளின் தவறுகள் பெரும்பாலும் ஒரு ஒழுங்கோடு வருகின்றன. தவறான விதி ஒன்றைப் பிள்ளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது! அந்த விதி எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

இதோ சில அடையாளங்கள்:

38 + 47 = 715 என்று எழுதினால், இடமதிப்பு தெரியவில்லை. மீண்டும் குச்சி கட்ட வேண்டும்.

38 + 47 = 75 என்று எழுதினால், மேலே போன பத்தை மறந்துவிட்டது. "ஒரு கட்டு காணோமே, எங்கே போச்சு?" என்று கேளுங்கள். அதுவே தேடிக் கண்டுபிடிக்கும்.

38 + 47 = 121 என்று எழுதினால், 15-ல் 1-ஐக் கீழே போட்டு 5-ஐ மேலே ஏற்றிவிட்டது. எது கட்டு, எது உதிரி என்று காட்ட வேண்டும்.

32 + 45 = 87 என்று எழுதினால், தேவை இல்லாத இடத்திலும் ஒன்றை ஏற்றுகிறது. பத்துச் சேராமல் கட்டு ஏது?

38 + 5 = 88 என்று எழுதினால், 5-ஐ 3-க்கு நேர் கீழே எழுதிவிட்டது. கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எண்.

திருத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி: "இது எப்படி வந்தது? சொல்லு பார்க்கலாம்!" சரியான விடை வந்தாலும் சில சமயம் இதைக் கேட்க வேண்டும். அப்போதுதான், கேள்வி கேட்டாலே தப்பு என்று குழந்தை பயப்படாது.

பள்ளிகளில் நடந்த முயற்சி

மனப்பாடத்தைக் குறைத்து, செய்து பார்த்துப் படிக்கும் முறையைத் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முயன்று வருகிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் அது மாநிலம் முழுவதும் பரவியது.

கொரோனா வந்தபோது பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கட்டும் உதிரியும் படிக்க வேண்டிய வயதில் பல குழந்தைகள் வீட்டில் இருந்தார்கள். அந்த இழப்பை ஈடு செய்ய, 2021 அக்டோபர் 27-ந் தேதி "இல்லம் தேடிக் கல்வி" திட்டம் தொடங்கியது. தொடக்க விழா நடந்த முதலியார்குப்பம், இதே கடற்கரையில் தெற்கே மரக்காணம் பக்கத்தில் இருக்கிறது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அடுத்து, 2022 ஜூன் 13-ந் தேதி "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். 2025-க்குள் இதை எட்ட வேண்டும் என்று குறி வைத்தார்கள். ஒரே வகுப்பில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பதை அது ஒப்புக்கொண்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிற்கும் படியிலிருந்து பாடம் தொடங்கியது.

பள்ளியில் ஆசிரியர் எத்தனை முயன்றாலும், ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் உட்கார நேரம் கிடைக்காது. அந்தப் பத்து நிமிடத்தை வீடு கொடுக்கலாம்.

இயந்திரத்துக்கும் இதே கஷ்டம்

மேலே ஒன்று போவது குழந்தைக்கு மட்டும் கஷ்டம் அல்ல. கூட்டும் இயந்திரம் செய்தவர்களையும் இது படாத பாடு படுத்தியது!

பிரான்ஸ் நாட்டில் பிளேஸ் பாஸ்கல் என்ற 19 வயது வாலிபர், 1642-ல் கூட்டல் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். வரி வசூல் கணக்கில் மூழ்கிக் கிடந்த தம் தந்தைக்கு உதவுவதற்காக இதைச் செய்தார். சக்கரங்களில் 0 முதல் 9 வரை எண்கள். ஒரு சக்கரம் ஒன்பதைத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வந்ததும், பக்கத்துச் சக்கரம் ஒரு எண் நகர வேண்டும். இயந்திரத்தின் சாமர்த்தியமே அந்த ஒரு நகர்வில்தான் இருந்தது.

பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைக் குழந்தைக்குக் காட்டுங்கள். 199 முடிந்து 200 ஆகும்போது சக்கரங்கள் உருளுவதைப் பார்த்தால் அதற்குக் குதூகலம்! இன்றைய கம்ப்யூட்டருக்குள் இரண்டே எண்கள்தான், 0-ம் 1-ம். அங்கே இரண்டு சேர்ந்தாலே பக்கத்து இடத்துக்குப் போய்விட வேண்டும். அணு உலைக்குக் கணக்குப் போடும் கம்ப்யூட்டரும் இந்த இனமாற்றத்தைச் செய்துதான் கூட்டுகிறது.

இந்த ஒரு வாரம்...

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். முதல் இரண்டு நாள் குச்சி கட்டும் விளையாட்டு மட்டும். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் இரண்டு எண்களைக் குச்சியில் கூட்டட்டும். ஐந்தாம் நாள் குச்சியோடு பேப்பரும் வரட்டும். ஆறாம் நாள் ரூபாய் நோட்டு. ஏழாம் நாள் கணக்கைக் குழந்தை போட வேண்டாம். அது உங்களுக்குக் கணக்குக் கொடுக்கட்டும். நீங்கள் வேண்டுமென்றே ஒரு தவறு செய்யுங்கள். அதைக் கண்டுபிடித்து அது கைதட்டிச் சிரிக்கும். அன்று பாடம் பதிந்துவிட்டது என்று அர்த்தம்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு பழக்கம் வேண்டும். விடை சுமாராக எவ்வளவு வரும் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். 38 என்பது நாற்பதுக்குக் கிட்ட. 47 என்பது ஐம்பதுக்குக் கிட்ட. இரண்டும் சேர்ந்தால் தொண்ணூறைத் தாண்டாது. இது தெரிந்த குழந்தை, தப்பித் தவறி 715 என்று எழுதினாலும், அடுத்த நிமிடமே ரப்பரைத் தேடும்.

"நான் படிக்காதவள், எனக்கு என்ன தெரியும்?" என்று எந்தத் தாயும் ஒதுங்க வேண்டியதில்லை. பூக்காரி முழம் போடுகிறாள். கீரைக்காரி கட்டுக் கட்டுகிறாள். வெற்றிலைக்காரர் கவுளி அடுக்குகிறார். உதிரியைச் சேர்த்துக் கட்டாக்கத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதைக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதட்டாமல், ஒரு முறைக்கு நாலு முறை காட்டப் பொறுமை இருந்தால் போதும்.